ரயில் மேட்டு மேல அஞ்சு நாள்: மாயவரத்துலேருந்து அகஸ்தியம்பள்ளி வரைக்கும்

பிப்ரவரி 8, 2024, வியாழன். மயிலாடுதுறை, மன்னம்பந்தல், ஆக்கூர்

எதுக்கு இந்தப் பயணம்னு முதல்லயே சொல்லிடறேன். மயிலாடுதுறைலேருந்து (பழைய பேரு மாயவரம்) தரங்கம்பாடிக்கு ஒரு ரயில் ஓடிச்சு. 1926ல ஆரம்பிச்சாங்க, மீட்டர் கேஜ்னு சொல்ற குறுகலான பாதை, ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 1986ல வருமானம் இல்லன்னு நிறுத்திட்டாங்க, அப்புறம் தண்டவாளத்தையும் பேத்து எடுத்துட்டாங்க. அந்த லைன திரும்ப போடுங்கன்னு ஊர்க்காரங்க, வியாபாரிங்க, ரயில் பயணிங்கன்னு பல பேரு பல வருஷமா மனு குடுத்துகிட்டேதான் இருக்காங்க. எங்க ஊரு ஆக்கூர். நாங்க ஆறேழு பேரு சேந்து, இந்தத் தடவ ஒவ்வொரு ஸ்டேஷன் ஊரா போயி கையெழுத்து வாங்கிட்டு வரலாம்னு முடிவு பண்ணோம், மத்தவங்களுக்கு லீவு கிடைக்கல, நான் மட்டும் ஒரு நூறு பக்க நோட்ட எடுத்துகிட்டு சென்னைலேருந்து ராத்திரி ரயில் ஏறிட்டேன். நோட்டுல மூணு கட்டம் போட்டிருந்தோம். பேரு, ஊரு, கையெழுத்து.

காலைல மாயவரம் ஜங்ஷன்ல எறங்குறப்ப பனி அப்படி கொட்டுது, பிளாட்பாரத்தோட அந்தக் கடைசி தெரியல. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன மெஸ்ல பொங்கல் 45, வடை 10, காபி 25. காபிய டபராவோட குடுத்தாங்க, சென்னைல நான் குடிக்கறது என்னன்னு அப்பத்தான் புரிஞ்சுது. மெஸ்காரரு நோட்ட வாங்கி பாத்துட்டு ஒண்ணும் கேக்காம முதல் கையெழுத்து போட்டாரு. "டவுன் ஸ்டேஷன்னு ஒண்ணு இருந்துச்சுங்க தம்பி, எங்க அப்பா அதத்தான் சின்ன ஸ்டேஷன்னு சொல்லுவாரு"ன்னாரு.

அங்கேருந்து மன்னம்பந்தல் வரைக்கும் பழைய பாதை போன திசைய பாத்துகிட்டே நடந்தேன். டவுனுக்குள்ள எதுவும் கண்டுபிடிக்க முடியல, வீடும் கடையுமா இருக்கு. வெளில வந்ததும் அங்கங்க ரயில் மேடு தெரியுது. வயலுக்கு நடுவுல ஆள் உயரத்துக்கு ஒரு மண்மேடு, நேரா கோடு கிழிச்ச மாதிரி போகுது, மேல பூரா சீமைக்கருவேலம். வாய்க்கால் குறுக்க வர்ற எடத்துல செங்கல்லு மதகு, அதுக்கடியில இன்னமும் தண்ணி ஓடுது. அறுவடை நேரம், மெஷினு ஒரு பக்கம் சம்பாவ அறுத்துகிட்டிருக்கு, ரோட்டுல பாதிக்கு நெல்ல காயப் போட்டிருக்காங்க, பஸ்ஸு அது ஓரமா ஒதுங்கி ஒதுங்கி போகுது.

மேட்டு மேல ஏறி நடந்தப்பதான் கருவேல முள்ளு செருப்ப துளைச்சுகிட்டு காலுக்குள்ள போயிடுச்சு. பிடுங்கப் பாத்தேன், உள்ளயே ஒடிஞ்சிடுச்சு. நொண்டிகிட்டே மன்னம்பந்தல் வந்து சேந்தேன்.

எங்க அப்பா படிச்சது இங்க ஏ.வி.சி. காலேஜ்லதான், எழுபதுகள்ல. ஆக்கூர்ல ஏறி மன்னம்பந்தல்ல எறங்குவாராம், சீசன் டிக்கெட்டு. காலேஜ் வாசல்ல நின்னுகிட்டு அவருக்கு போன் பண்ணேன். "சாயங்கால ரயிலுக்கு நேரமாச்சுன்னா எங்க வாத்தியாரு கடைசி பீரியட அஞ்சு நிமிஷம் முன்னாடியே முடிச்சிடுவாருடா, வகுப்புல பாதி பேரு ரயில் பசங்க"ன்னாரு. இத இதுக்கு முன்னாடி அவரு சொன்னதே இல்ல.

இப்ப படிக்கிற பசங்க ஒரு பத்து பதினஞ்சு பேரு பஸ் ஸ்டாப்புல நின்னாங்க, விஷயத்த சொன்னேன், இங்க ரயில் ஓடுச்சான்னு ஒரு பையன் கேட்டான். எல்லாரும் கையெழுத்து போட்டாங்க. ஒரு பொண்ணு மட்டும் நோட்ட வாங்கி போட்டோ எடுத்துகிட்டு, எங்க பாட்டிகிட்ட காட்டணும்ண்ணேன்னுச்சு.

செம்பனார்கோயில்ல பஸ்ஸ விட்டுட்டு மத்தியான வெயில்ல முக்கா மணி நேரம் நின்னேன். ஆக்கூருக்கு வந்தப்ப சித்தி என் காலப் பாத்துட்டு வேற எதுவும் பேசல, திண்ணைல உக்கார வச்சு ஊக்க நெருப்புல காட்டி முள்ள எடுத்துட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் கொழைச்சு வச்சு கட்டுனாங்க. அப்புறம்தான் சாப்பாடு. கத்திரிக்கா கொத்சு, வாழப்பூ வடை. சாயங்காலம் தெருவுல நாலு வீட்டுக்கு சித்தியே கூட்டிகிட்டு போனாங்க. முதல் நாள் 63 கையெழுத்து.

பிப்ரவரி 9, வெள்ளி, தை அமாவாசை. திருக்கடையூர், தில்லையாடி, தரங்கம்பாடி

அமாவாசைன்னு தெரிஞ்சேதான் திருக்கடையூர இன்னைக்கு வச்சுகிட்டேன். அபிராமி பட்டர் அமாவாசைய பௌர்ணமின்னு சொல்லி, அம்மன் தோட்ட எறிஞ்சு நிலாவா காட்டுன நாளு இதுதான்னு சொல்லுவாங்க. அதனால கூட்டம் இருக்கும்னு தெரியும், ஆனா இவ்வளவு கூட்டம் எதிர்பாக்கல. ஒரு பக்கம் பூம்புகாருக்கு தர்ப்பணத்துக்கு போறவங்க, ஒரு பக்கம் திருக்கடையூர் போறவங்க, பஸ்ல ஏறவே மூணு பஸ்ஸ விட வேண்டியதாயிடுச்சு. ஏறுன பஸ்ல ஒத்த கால்லதான் நின்னேன். அதுல ஒரு அம்மா என் கால் கட்டப் பாத்துட்டு மடில இருந்த பேரன எழுப்பி நிக்க வச்சு எனக்கு எடம் குடுத்தாங்க. வேணாம்மான்னு சொன்னதுக்கு "உக்காருய்யா, அவன் நிக்கட்டும், சின்னப் புள்ளதான"ன்னாங்க.

திருக்கடையூர் பத்தி வெளியூர்க்காரங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இங்க அறுபதாங்கல்யாணம், எண்பதாங்கல்யாணம் நடக்காத நாளே கெடையாது. தமிழ்நாடு பூராலேருந்தும் வயசானவங்க வர்ற ஊரு, முட்டி வலி, சக்கரை, பிபி எல்லாத்தோடயும் வர்றாங்க. ஆனா பக்கத்துல ரயில்னு பாத்தா 20 கிலோமீட்டருக்கு மேல தள்ளி மாயவரம். நான் போனப்ப கோயில் மண்டபத்துல சேலத்துலேருந்து வந்த ஒரு குடும்பம், தாத்தாவுக்கு எண்பது. மாயவரம் வரைக்கும் ரயில்ல வந்து அங்கேருந்து வேன் பிடிச்சிருக்காங்க, போக வர 3,000 ரூபா. நான் நோட்ட காட்டி பேசிகிட்டிருக்கறப்பவே அந்த வீட்டு மருமக வந்து, சாப்டாம போகக்கூடாதுண்ணான்னு கையப் புடிக்காத குறையா பந்தில உக்கார வச்சிட்டாங்க. கிச்சடி, பொங்கல், அசோகா அல்வா, நெய் அப்படி வழியுது. யாருன்னே தெரியாத ஒருத்தனுக்கு ரெண்டாவது தடவ அசோகா வச்சாங்க.

சாப்புட்டு வந்ததும் தாத்தா நோட்ட வாங்குனாரு. கண்ணாடிய மாட்டிகிட்டு மேல எழுதியிருந்த மனுவ ஒரு வரி விடாம படிச்சாரு. அப்புறம் கேட்டாரு, "ஏன் தம்பி, ரயில் விடணும்னு போட்டிருக்கீங்க, எத்தனை மணிக்குன்னு போடலையே?" நான் முதல்ல பாதை வரட்டுங்கய்யான்னேன். அவரு விடல. "எங்களுக்கு முகூர்த்தம் காலைல ஆறரை மணி. பத்து மணிக்கு ஒரு ரயில் விட்டாங்கன்னா நான் அப்பவும் வேன்லதான் வரணும்." கையெழுத்து போட்டுட்டு பக்கத்துல சின்னதா 'விடியற்காலை 5' ன்னு எழுதுனாரு.

அத பாத்ததும்தான் நான் நாலாவது கட்டம் கிழிச்சேன். எத்தனை மணிக்கு ரயில் வேணும்.

தில்லையாடிக்கு ஆட்டோ, 120 ரூபா. வள்ளியம்மையோட குடும்பத்து ஊரு, தென்னாப்பிரிக்காவுல காந்தியோட போராட்டத்துல சேந்து ஜெயிலுக்கு போயி 1914ல 16 வயசுலயே செத்துப்போன பொண்ணு. அடுத்த வருஷமே காந்தி இந்த ஊருக்கு வந்துட்டு போயிருக்காரு. நினைவு மண்டபத்துக்கு நான் போனப்ப என்னத் தவிர யாரும் இல்ல. வெளில இளநி வித்த அண்ணன் 40 ரூபா இளநிய சீவிகிட்டே சொன்னாரு, "இங்கயும் ஸ்டேஷன் இருந்துச்சுங்க." அவருக்கு எத்தனை மணின்னு கேட்டேன். "எனக்கு எப்ப வந்தா என்ன, வர்றவங்க எறங்கணும் அவ்வளவுதான்"ன்னாரு, அதையே கட்டத்துல எழுதிகிட்டேன்.

பொறையார் தாண்டி தரங்கம்பாடி வந்தப்ப மணி நாலு. டேனிஷ்காரங்க 1620ல கட்டுன கோட்டைய பாக்க வந்த பஸ்ஸுங்க வரிசையா நிக்குது, ஜெர்மன் பாதிரியாரு சீகன்பால்கு 1706ல வந்து எறங்குன கடற்கரை இது, தமிழ்ல புதிய ஏற்பாட்ட அச்சடிச்ச ஊரு. கடலு ஏற ஏற கரையில நிக்கிற மாசிலாமணிநாதர் கோயிலப் பாத்தா மனசு என்னமோ பண்ணுது. ஆனா எனக்கு அங்க வேலை மீன் விக்கிற எடத்துலதான் இருந்துச்சு.

அங்க ஒரு பாட்டி, எழுபத்தஞ்சு வயசு இருக்கும், நெத்திலி கருவாட்ட கூறு கட்டிகிட்டிருந்தாங்க, கூறு 50. ரயில்னு சொன்னதுமே கையில இருந்தத கீழ வச்சிட்டாங்க. "அதுல எத்தனை வருசம் கூடை ஏத்திருக்கேன் தெரியுமா தம்பி. நாங்க பத்து பொம்பளைங்க ஒரே பெட்டில ஏறுவோம், மத்தவங்க வாடை தாங்காம அடுத்த பெட்டிக்கு போயிடுவாங்க, எங்களுக்கு காலு நீட்டிக்க எடம் கெடைக்கும். மாயவரம் மார்க்கெட்டுல வித்துட்டு வீடு திரும்புவோம்." ரயில நிறுத்துனப்புறம் என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். பஸ்ல கூடைய ஏத்த மாட்டாங்களாம், கொஞ்ச நாள் பொறையார் வரைக்கும் தலைச்சுமையா போயிருக்காங்க. அப்புறம் மாயவரம் போறதையே விட்டுட்டாங்க. இப்ப சின்ன வயசுக்காரங்க நாலஞ்சு பேரு சேந்து குட்டியானை புடிச்சுட்டு போறாங்க, ஆளுக்கு 200 ரூபா வாடகைக்கே போயிடுதாம்.

கைநாட்டு வச்சாங்க, ஸ்டாம்ப் பேடு கொண்டு போகல, பேனா மைய பெருவிரல்ல தடவித்தான் வச்சேன். எத்தனை மணின்னு கேட்டேன். "மீனு கரைக்கு வந்தப்புறம். ஏழு மணிக்கு இங்கேருந்து கெளம்புனா போதும். ஆனா கூடைய ஏத்துவாங்களான்னு அதையும் எழுதிக்க தம்பி."

எழுதிகிட்டேன். ராத்திரி லாட்ஜ்ல உக்காந்து பாத்தா 88 கையெழுத்து, அதுல பாதிக்கு மேல நாலாவது கட்டமும் ரொம்பியிருக்கு.

பிப்ரவரி 10, சனி. காரைக்கால், திருநள்ளாறு

நம்ம லைனுக்கு பக்கத்துலயே இன்னொரு லைனு இருக்கு, பேரளம் காரைக்கால், 23 கிலோமீட்டர். 1898ல வெள்ளக்காரன் பக்கத்துலேருந்து பிரெஞ்சுக்காரன் பக்கத்துக்கு போட்ட பாதை. நம்மளுது நின்னதுக்கு அடுத்த வருஷம், 1987ல, இதையும் மூடிட்டாங்க. ஆனா 2024ல நான் போனப்ப இத திரும்ப போட்டுகிட்டிருந்தாங்க. அத கண்ணால பாத்தே ஆகணும்னுதான் வந்தேன்.

திருநள்ளாறுல சனிக்கிழமை, அதுவும் டிசம்பர்ல சனிப்பெயர்ச்சி முடிஞ்சு ரெண்டு மாசம் கூட ஆகல. நளதீர்த்தத்த சுத்தி நடக்கவே முடியல. எள்ளு விளக்கு 10, பார்க்கிங் 50, கட்டணக் கழிப்பறை வாசல்ல பெரிய க்யூ. ஒரு சின்னப் பொண்ணு கூட்டத்துல அம்மாவ விட்டுட்டு அழுதுகிட்டு நின்னுச்சு, பூக்கடைக்காரம்மா அதுக்கு ஒரு முழம் பூவ வச்சுவிட்டு மேடை மேல நிக்க வச்சு, அம்மா வர்ற வரைக்கும் கடையவே கவனிக்கல.

ஊருக்கு வெளில வந்தா புது ரயில் மேடு. ஜல்லி குமிஞ்சு கெடக்கு, கான்கிரீட் சிலீப்பர் அடுக்கி வச்சிருக்கு. 37 வருஷம் கழிச்சு ஒரு செத்த லைனுக்கு மேல புதுசா மண்ணு கொட்டுறத பாக்கறப்ப எனக்கு அழுக வந்துடுச்சு. மறைக்க ஒண்ணும் இல்ல. ஒடிசாலேருந்து வந்த பசங்க மூணு பேரு அங்க வேல செஞ்சுகிட்டிருந்தாங்க, என்ன ஆச்சுன்னு ஓடி வந்து தண்ணி பாட்டில நீட்டுனாங்க. பாஷ தெரியாது. தண்டவாளத்த காட்டி, அப்புறம் தரங்கம்பாடி பக்கம் கைய காட்டி, அங்கயும் வேணும்னு சைகைலயே சொன்னேன். அதுல பெரியவன் சிரிச்சுட்டு தலைய ஆட்டுனான். அவங்ககிட்டயும் கையெழுத்து வாங்குனேன், ஒடியால போட்டாங்க, உருண்டை உருண்டையா அழகா இருக்கு.

சாயங்காலம் காரைக்கால்ல இறால் வாடா, ஒண்ணு 15 ரூபா. மேல முழு இறால வச்சு பொரிச்சு, உள்ள வெங்காயமும் தேங்காயுமா. நாலு சாப்டேன். கடைக்காரரு பாய், அஞ்சாவத காசு வாங்காம வச்சாரு, "ரயிலுக்காக நடக்குறீங்க, கால் வலிக்கும்"ன்னாரு. உண்மையிலயே வலிச்சுது.

பிப்ரவரி 11, ஞாயிறு. திருவாரூர்

இன்னைக்கு திருத்துறைப்பூண்டிலேருந்து அகஸ்தியம்பள்ளிக்கு ரயில்ல போறதா திட்டம், அதுவும் நின்னு போயி திரும்ப ஓட ஆரம்பிச்ச லைனுதான். திருவாரூர் வந்து விசாரிச்சா அந்த வண்டி சனி ஞாயிறு கெடையாதாம், வாரத்துல அஞ்சு நாள்தான். நான் முன்னாடியே பாத்திருக்கணும். ஒரு நாள் போச்சு, ரூமு 700.

ஆனா அந்த நாள் வீணாகல. கமலாலயம் குளக்கரை டீக்கடைல தண்டவாளத்த பராமரிக்கிற வேல பாத்த ஒரு ரிட்டயர்டு கேங்மேன கண்டேன், பேரு போட வேணாம்னுட்டாரு. அவருதான் மாயவரம் முத்துப்பேட்டை லைனோட கதைய சொன்னாரு. 1894ல அந்த லைன போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. ஜனங்ககிட்ட வரி போட்டு வாங்குன காசுல போட்டது. "எங்க பாட்டன் காசு தம்பி அது, சர்க்கார் தானமா குடுத்தது இல்ல." இத சொல்றப்ப டீ கிளாஸ டொக்குன்னு வச்சாரு.

காரைக்குடி திருவாரூர் லைன் விஷயம் அத விட. 149 கிலோமீட்டர், அகல ரயில்பாதையா மாத்த வருஷக்கணக்கா மூடி வச்சிருந்து 2019 ஜூன்ல டெமு, அதாவது டீசல்ல ஓடுற பாசஞ்சர் வண்டி, விட்டாங்க. ஊரே மாலை போட்டு வரவேத்துச்சு. ஆனா ரோடு குறுக்க வர்ற ரயில்வே கேட்டுக்கு ஆள் போடல. அதனால ரயில்லயே கேட்கீப்பர ஏத்தி விட்டாங்க. ஒவ்வொரு கேட்டுலயும் வண்டி நிக்கும், முன்னாடி இருக்கறவரு எறங்கி ஓடிப்போயி கேட்ட மூடுவாரு, வண்டி தாண்டி நிக்கும், பின்னாடி இருக்கறவரு கேட்ட தொறந்து விட்டுட்டு ஓடி வந்து ஏறிக்குவாரு. 149 கிலோமீட்டர் போக ஆறு மணி நேரத்துக்கு மேல. பஸ்ல போனா பாதி நேரம்தான. கொஞ்ச நாள்ல ரயில் காலியா ஓட ஆரம்பிச்சிடுச்சு. "போராடி வாங்குன ரயில் தம்பி, காலியா ஓடுறத நாங்களே பாத்தோம். காலியா ஓடுனா அடுத்து என்ன சொல்லுவான்? வருமானம் இல்லம்பான். உங்க தரங்கம்பாடிக்கு சொன்னத திரும்ப சொல்லுவான்."

அப்புறம் ஆள் போட்டு, நேரம் குறைஞ்சு, இப்ப தாம்பரம் செங்கோட்டை எக்ஸ்பிரஸே அந்த வழியா போகுது. ஆனா பழைய கம்பன் எக்ஸ்பிரஸ் மாதிரி ராத்திரி சென்னைக்கு தினமும் ஒரு வண்டிய 2024லயும் கேட்டுகிட்டுதான் இருந்தாங்க.

நோட்ட நீட்டுனேன். அவரும் நாலாவது கட்டத்தத்தான் முதல்ல பாத்தாரு. இத யாரு போடச் சொன்னதுன்னு கேட்டாரு, சேலத்து தாத்தாவ பத்தி சொன்னேன். அவரு நல்லாருக்கணும்னு சொல்லிட்டு கையெழுத்து போட்டாரு. ராத்திரி இட்லி, தொட்டுக்க கடப்பா. கடப்பா சாப்புடாம இந்தப் பக்கத்துலேருந்து திரும்ப முடியாது.

பிப்ரவரி 12, திங்கள். திருத்துறைப்பூண்டி, அகஸ்தியம்பள்ளி

இன்னைக்கு ரயில் கெடைச்சுடுச்சு. 37 கிலோமீட்டர் லைன், 2004ல மீட்டர் கேஜ நிறுத்தி, 294 கோடி செலவுல அகலப்பாதை போட்டு, 2023 ஏப்ரல் 8ந்தேதிதான் திரும்ப ஓட ஆரம்பிச்சது. பத்தொம்பது வருஷம். டிக்கெட்டு 30 ரூபா. கொரோனாவுக்கு முன்னாடி பாசஞ்சர்ல குறைஞ்ச டிக்கெட்டு 10 ரூபாதான் இருந்துச்சு, சிறப்பு ரயில்னு பேர மாத்தி 30 ஆக்கிட்டாங்க. (இத டைப் பண்றப்ப இந்த மாசக் கடைசில திரும்ப 10 ரூபா ஆக்கிட்டாங்கன்னு செய்தி வந்திருக்கு, ரொம்ப சந்தோஷம்.)

பெட்டி பளிச்சுன்னு இருக்கு, ஜன்னல் ஓரம் எடம் கெடைச்சுது, கரியாப்பட்டினம், குரவப்புலம், நெய்விளக்கு, தோப்புத்துறைன்னு ஒவ்வொரு ஊரா வருது. பனி வெலகி வெயில் வயல்ல விழுது. ஆனா என் பெட்டில என்னோட சேத்து ஒன்பது பேரு. எண்ணிப் பாத்தேன், ரெண்டு தடவ. எதுத்தாப்புல ஒரு டீச்சரம்மா, தினமும் வர்றாங்களாம். "எனக்கு இந்த நேரம் ஒத்து வருது சார், அதனால வரேன். எங்க ஸ்கூல்ல மத்தவங்களுக்கு ஒத்து வரல, பஸ்லதான் வராங்க. தஞ்சாவூர், திருச்சிக்கு ஆஸ்பத்திரிக்கு போறவங்களும் திருத்துறைப்பூண்டில எறங்கி மாறணும், அங்க அடுத்த வண்டிக்கு காத்திருக்கணும்னு பஸ்ஸே ஏறிடறாங்க." கோவப்பட்டு சொல்லல. பையிலேருந்து ஒரு சின்ன டப்பாவ எடுத்து வெல்லச்சீடைய நீட்டிகிட்டே சொன்னாங்க.

அகஸ்தியம்பள்ளில எறங்குனா கண்ணு கூசுற வெள்ளை. பாத்தி பாத்தியா உப்பளம், கரையோரம் உப்பு அம்பாரம், தென்னங்கீத்த போட்டு மூடி வச்சிருக்காங்க. 1930ல ராஜாஜி திருச்சிலேருந்து தொண்டர்களோட நடந்தே வந்து ஏப்ரல் 30ந்தேதி உப்பு அள்ளுன எடம். நினைவுத்தூணுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னேன். முள்ளு குத்துன காலோட அவங்க நடந்த தூரத்த நெனச்சு பாத்தேன்.

உப்பளத்துல வாருபலகைய வச்சுகிட்டு நின்ன அண்ணன்கிட்ட பேச்சு குடுத்தேன். அம்பது வயசு இருக்கும். கஜா புயல்ல, 2018ல, இந்தப் பாத்தி பூரா சேறு ஏறி, திரும்ப எடுக்க எவ்வளவு பாடு பட்டாங்கன்னு சொன்னாரு. முன்னாடி உப்பு பூரா கூட்ஸ் வண்டிலதான் போகுமாம், அவரு சின்னப் பையனா இருக்கறப்ப வேகன்ல உப்பு ஏத்துறத வேடிக்கை பாக்கவே ஸ்கூலுக்கு மட்டம் போட்டிருக்காராம். இப்ப லாரிதான். "ரயில் வந்துச்சு சார், எங்களுக்கு சந்தோஷம்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். முதல் நாள் எங்க அம்மாவ கூட்டிகிட்டு போயி ஏத்திவிட்டேன். ஆனா உப்ப ஏத்த வண்டி வரல. சனி ஞாயிறு வண்டி இல்ல, கோயிலுக்கு வர்றவன் அன்னைக்குத்தான வர்றான். அமாவாசைக்கு எத்தனை பஸ்ஸு வந்துச்சு தெரியுமா, வெள்ளிக்கிழமை?"

அவரு லைனு இல்ல இது, இருந்தாலும் நோட்ட நீட்டுனேன். உப்பு கைய லுங்கில தொடச்சுகிட்டு பேனாவ வாங்குனாரு. தாள்ல வெள்ளையா கைத்தடம் படிஞ்சிருக்கு, இப்பவும் தடவுனா நறநறங்குது. நாலாவது கட்டத்துல என்ன எழுதட்டும்னு கேட்டாரு. உங்க ஊருக்கு என்ன வேணுமோ அத எழுதுங்கண்ணேன்னேன். "தினமும்" ன்னு எழுதுனாரு.

மத்தியானம் வேதாரண்யம் டவுன்ல மீன் சாப்பாடு 120, ரசத்துக்கு தனியா கிண்ணம் குடுத்தாங்க. பஸ் ஸ்டாண்டுல மல்லி முழம் 30, சித்திக்கு ரெண்டு முழம் வாங்கி ஈரத்துணில சுத்தி வச்சேன். சாயங்கால வண்டிக்கு ஸ்டேஷன் வந்தா ஊர்ப் பசங்க ஏழெட்டு பேரு வந்திருந்தாங்க, ஊருக்கு போக இல்ல, வண்டி வர்றத பாக்க.

திரும்பற வண்டில உக்காந்து மொத்தம் எண்ணுனேன், 274 கையெழுத்து, ஒரு கைநாட்டு. மனுவோட முதல் பக்கத்துல 'மயிலாடுதுறை தரங்கம்பாடி ரயில் பாதையை மீண்டும் அமைத்துத் தர வேண்டும்' ன்னு ஒரே ஒரு கோரிக்கைதான் இருந்துச்சு. அதுக்கு கீழ, வண்டி ஆட்டத்துல எழுத்து கோணலா போச்சு, இத சேத்து எழுதுனேன்:

விடியற்காலை 5 மணிக்குள் மயிலாடுதுறையிலிருந்து திருக்கடையூருக்கு ஒரு வண்டி. காலை 7 மணிக்கு தரங்கம்பாடியிலிருந்து ஒரு வண்டி, மீன் கூடை ஏற்ற இடத்துடன். கல்லூரி, அலுவலகம் தொடங்கும் முன் மன்னம்பந்தலும் மயிலாடுதுறையும் போய்ச் சேர ஒரு வண்டி, மாலை அவை முடிந்த பின் திரும்ப ஒரு வண்டி. சென்னை வண்டிகளுக்கு இணைப்பு. ஒவ்வொரு கேட்டுக்கும் ஆள். வாரத்தில் ஏழு நாளும்.

எழுதி முடிச்சு அப்பாவுக்கு போன்லயே படிச்சு காட்டுனேன். "சாயங்கால வண்டி நாலரைக்கு இருந்துச்சுன்னு போடு"ன்னாரு. இப்ப காலேஜ் எத்தனை மணிக்கு விடறாங்கன்னு கேட்டுட்டு போடறேன்ப்பான்னேன். நாளைக்கு காலைல மன்னம்பந்தல்ல எறங்கி அந்தப் பசங்ககிட்ட கேக்கணும்.